இருபத்தாறு அங்குலம்

கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் எதைப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போனேன்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. பத்தாவது வரை படித்திருக்கிறேன். பொன்மலையில் எங்கள் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற நாலாம் மாதம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பு மூட்டை எடுத்துவிட்டு வேறு மூட்டு வைத்தார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகுதான் கஷ்டம். தாழ்வான எதிலும் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் முழங்காலைவிட இடுப்பு மேலே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வீட்டில் கட்டில் காலுக்கு அடியில் மரக்கட்டை வைத்தோம். நாற்காலியின் மேல் பலகையும் அதன் மேல் கெட்டி மெத்தையும் போட்டோம். வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் பிசியோதெரபி செய்துகொள்ள வேண்டும். மூன்று மாதம் விடாமல் வந்தால் கைத்தடிகூட வேண்டாம், நடுவில் விட்டால் கால் இறுகிப்போகும், பிறகு திரும்ப வளைப்பது சிரமம் என்று அங்கே இருந்த பெண் தெளிவாகச் சொன்னாள்.

முதல் இரண்டு தடவை ஆட்டோவில் போனோம். ஏறவும் இறங்கவும் ஸ்டாண்டில் இருந்த இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். அதில் ஒருவர் முன்பு ஒர்க்‌ஷாப்பில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். என் வீட்டுக்காரரைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார். அவர் நல்ல மனசோடுதான், "என்னண்ணே, இந்த வெயிட்டு இருக்கீங்க, அண்ணி கையால சாப்பாடு ஜோரா போலிருக்கு" என்று சிரித்தார். என் வீட்டுக்காரரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்ததும் சொன்னார்.

"இனிமே நான் போகல. என்னைய யாரும் மூட்டை மாதிரி தூக்க வேணாம்."

அதோடு நின்றுவிட்டது. கால் டாக்ஸிகளைக் கூப்பிட்டுப் பார்த்தோம். எல்லாம் தாழ்வான வண்டிகள். அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். இரண்டு வாரம் போயிற்று. காலையில் எழுந்து காலை நீட்ட முன்னைவிட அதிக நேரம் பிடித்தது. அவர் அதைச் சொல்லவில்லை. நான் மெஷினில் இருந்தபடியே கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் எதிர்வீட்டில் பேங்க் வேலையில் இருந்த ஒருவர் குடியிருந்தார். குள்ளமான மனிதர். அவரிடம் ஒரு கார் இருந்தது. ஜீப் மாதிரி தூக்கலாக இருக்கும், ஆனால் சின்னது. காம்பாக்ட் எஸ்யூவி என்பார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். ஒரு நாள் சாயந்திரம் என் வீட்டுக்காரர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றபோது அவர் கூப்பிட்டார். இதில் உட்கார்ந்து பாருங்கள் சார், உங்களுக்குச் சரியாக இருக்கும் என்றார். வண்டியின் இடது பக்கம் காம்பவுண்டு சுவரை ஒட்டி நின்றதால் வலது பக்கக் கதவைத்தான் திறக்க முடிந்தது. என் வீட்டுக்காரர் பின்பக்கமாகத் திரும்பி, மெதுவாக உட்கார்ந்தார். பிறகு காலை ஊன்றி எழுந்தார். யாரும் தொடவில்லை. மறுபடி உட்கார்ந்தார், எழுந்தார். மூன்றாவது தடவை எழுந்தபோது அவர் முகத்தில் ஒர்க்‌ஷாப் நாளில் சம்பளத்தோடு வரும் முகம் தெரிந்தது.

நான் வீட்டுக்குள் ஓடிப்போய் டேப்பை எடுத்து வந்தேன். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கும்போது குனிந்து அளந்தேன். தரையிலிருந்து சீட் வரைக்கும் இருபத்தாறு அங்குலம். ஜாக்கெட் அளவு எழுதும் நோட்டில் என் வீட்டுக்காரர் பெயரைப் போட்டு, கீழே 26 என்று எழுதிக்கொண்டேன்.

அந்த வண்டியைப் பற்றி இன்னும் நாலு விஷயம் கேட்டிருக்கலாம். எனக்குப் பிற ஆண்களிடம் பேச வாய் வராது. நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று இருந்தேன். அடுத்த வாரம் அவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாகி, வண்டியோடு குடும்பத்தோடு போய்விட்டார். என்னிடம் மிஞ்சியது அந்த மாடலின் பெயரும் இருபத்தாறும்தான்.

நமக்கு எதுக்கு கார் என்று என் வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை சொன்னார். அதில் வலு இல்லை. அதனால் நான் தேட ஆரம்பித்தேன்.

கூட வந்தவர் ஒரு ஆக்டிங் டிரைவர். சொந்தமாக வண்டி இல்லாமல், கூப்பிட்டவர்களின் காரை நாள் கூலிக்கு ஓட்டிக்கொடுக்கிறவர். இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். அவர் மனைவியின் ஜாக்கெட் எல்லாம் என்னிடம்தான். ஆள் நல்ல உயரம், எங்கள் வாசற்படியில் குனிந்துதான் நுழைவார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். நானோ கேட்கவே மாட்டேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கார் பார்க்கப் போனதை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது.

முதலில் தெரிந்த செய்தி, அந்த மாடலைக் கம்பெனி நிறுத்திவிட்டது என்பது. ரோட்டில் தினமும் ஓடுகிற வண்டியை எப்படி நிறுத்துவார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இனிமேல் புதிதாகச் செய்யமாட்டார்கள், பழசுதான் கிடைக்கும் என்று ஆக்டிங் டிரைவர் சொன்னார். தில்லை நகரில் ஒரு புரோக்கர், நிறுத்தின மாடல் என்பதால் விலை இறங்கும், பொறுத்து வாங்குங்கள் என்றார். அரியமங்கலத்தில் பழைய வண்டிகள் நிறுத்தியிருந்த ஷெட்டுக்காரர், நிறுத்தின மாடல் என்பதால் விலை ஏறும், உடனே வாங்குங்கள் என்றார். ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காது என்று ஒரு மெக்கானிக் சொன்னார். அவர் கடையிலேயே பக்கத்தில் நின்ற இன்னொருவர், இன்னும் பல வருஷத்துக்குக் கிடைக்கும், அதுவும் சல்லிசாகக் கிடைக்கும் என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்து, நீங்க சொல்லுங்கம்மா என்பதுபோல நின்றார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். எதற்கு ஆட்டினேன் என்று தெரியாது.

தில்லை நகர் வண்டியில் இடது பக்கக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். எப்படியும் என் வீட்டுக்காரர் டிரைவருக்குப் பக்கத்தில்தான் உட்காரப் போகிறார். டேப்பை வைத்தேன். இருபத்துநாலு. மறுபடி வைத்தேன். அதே இருபத்துநாலு. இரண்டு அங்குலம் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். மார்புச் சுற்றளவில் இரண்டு அங்குலம் குறைத்துத் தைத்துப் பாருங்கள், தெரியும். வீட்டு நாற்காலியிலும் அந்தப் பலகையை எடுத்தால் அவரால் எழுந்திருக்க முடியாது.

டயர் தேய்ந்திருக்கும், புது டயர் போட்டால் சரியாகும் என்றார் புரோக்கர். அரியமங்கலத்தில் பார்த்த வண்டிக்குப் புது டயர் போட்டிருந்தார்கள். அங்கேயும் இடது சீட் இருபத்துநாலுதான். சஸ்பென்ஷன் உக்காந்திருக்கும்மா என்றார் ஷெட்டுக்காரர். சஸ்பென்ஷன் என்றால் என்ன என்று கேட்கவில்லை. உட்கார்ந்தது எழுந்திருக்காதா என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். அவர் நான் போன பிறகு ஆக்டிங் டிரைவரிடம், அந்தம்மா காருக்குக் கவுன் தைக்கப் போறாங்களா என்று கேட்டாராம். இதை டிரைவர் மூன்று மாதம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார்.

எனக்கு வேறு பயம் வந்தது. தையல் டேப் நாளாக நாளாக இழுபடும். என் டேப் இழுத்துப்போயிருந்தால் நான் தைத்த ஜாக்கெட் எல்லாம் என்ன கதி? யாராவது பிடிக்கிறது என்று சொல்லாமல் போட்டுக்கொண்டிருக்கிறார்களோ? வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரின் இரும்பு ஸ்கேலோடு வைத்துப் பார்த்தேன். ஒரு நூல்கூட வித்தியாசம் இல்லை. அப்படியானால் எதிர்வீட்டு வண்டி மட்டும் எப்படி உயரம்? ஒரே மாடலில் சிலது மட்டும் உயரமாகச் செய்திருப்பார்கள், அதனால்தான் நிறுத்திவிட்டார்களோ என்றுகூட யோசித்தேன்.

மூன்றாவது வண்டி ஸ்ரீரங்கத்தில் இருந்தது. உத்தர வீதிக்குள் ஒரு சந்தில் வீடு. வைஷ்ணவக் குடும்பம். மாமா ரிட்டையர்டு வாத்தியார், என் தோள் உயரம்தான் இருப்பார். பெண் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி வாங்கிக் கொடுத்த காராம். இப்போது கண் சரியில்லை, ஓட்டாதேள் என்று பெண்ணே போனில் தினமும் சண்டை போடுவதால் விற்கிறார். பின் கண்ணாடியில் சின்னதாகத் திருமண் ஸ்டிக்கர். சந்து குறுகல், வண்டி சுவரை உரசிக்கொண்டு நின்றது. வலது பக்கம்தான் திறந்தது.

நான் குனிந்து டேப்பை வைத்தேன். மாமா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏம்மா, வரவா எல்லாம் பானட்டைத் திறக்கச் சொல்வா. நீ என்ன, அதுக்கு ரவிக்கை தைக்கப் போறயா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. டேப்பில் இருபத்தாறு இருந்தது. தரையைத் தொடும் இடத்தில் டேப் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தேன். மடங்கவில்லை. இருபத்தாறேதான்.

மாமா விற்கிறவரைக்கும் தானே ஓட்டுவேன், வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டேன் என்றார். அவரே வண்டியை சந்திலிருந்து எடுத்து அம்மா மண்டபம் வரைக்கும் ஓட்டிக் காட்டினார். ஆக்டிங் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இடது சீட்டை அளந்து பார்க்கத் தோன்றவே இல்லை. கதவு, கைப்பிடி, கண்ணாடி எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும்போது சீட் மட்டும் வேறாக இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? நாங்கள் ஜாக்கெட்டுக்கு ஒரு கையைத்தான் அளக்கிறோம். மறு கையை அதை வைத்தே வெட்டிவிடுவோம். முப்பது வருஷமாக அப்படித்தான்.

பேச்சு முடிந்து, பேர் மாற்றுவதற்கான பேப்பர்களில் கையெழுத்தாகி, பத்து நாளில் வண்டி எங்களுடையதாயிற்று. எடுத்து வரும் நாளில் மாமி என்னை உள்ளே கூப்பிட்டு வெற்றிலை பாக்கு, குங்குமம், ஒரு தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார். பெருமாள் அனுக்ரகத்துல எல்லாம் நன்னா நடக்கும் என்று சொன்னார். நான் வெளியே வந்தபோது ஆக்டிங் டிரைவர் வண்டியை வீதிக்குக் கொண்டுவந்து தயாராக உட்கார்ந்திருந்தார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, காவேரிப் பாலம் தாண்டி, பொன்மலைக்கு வந்தோம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு என் வீட்டுக்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஆஸ்பத்திரிக்கு அன்றே போகலாம் என்று நான் போனில் சொல்லி வைத்திருந்தேன். இடது பக்கக் கதவைத் திறந்து வைத்தோம். அவர் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். எதிர்பார்த்த இடத்தில் சீட் இல்லை. இன்னும் கீழே போய்த் தொப்பென்று உட்கார்ந்தார். முகம் சுருங்கியது. எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. கதவைப் பிடித்து இன்னொரு தடவை. ஆக்டிங் டிரைவர் கையை நீட்டினார்.

"தொடாதீங்க."

அவ்வளவுதான் சொன்னார். அப்படியே உட்கார்ந்திருந்தார். போகவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆஸ்பத்திரியில் இறங்கும்போது இதேதானே நடக்கும், அங்கே நாலு பேர் ஓடி வருவார்கள். அதனால் வண்டியை எடுக்க வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

தெருவில் போகிறவர்களுக்கு அவர் புதுக் காரில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு காற்று வாங்குவதுபோலத் தெரிந்திருக்கும். பால்காரர் வந்து விலை கேட்டார். ஒர்க்‌ஷாப் நண்பர் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்து, "கலக்குறீங்க. ட்ரீட்டு எப்போ? முக்கொம்புக்கு எல்லாரையும் கூட்டிட்டுப் போகணும்" என்றார். என் வீட்டுக்காரர் உட்கார்ந்தபடியே, கூட்டிட்டுப் போறேன்யா, கொஞ்ச நாள் ஆகட்டும் என்றார். இன்ஜின் எப்படி, மைலேஜ் எவ்வளவு என்று கேட்டதற்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னார். அவர் கை மட்டும் கதவின் ஓரத்தைப் பிடித்தபடியே இருந்தது. நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கொடுத்தார். என்னைப் பார்க்கவில்லை.

முக்கால் மணி நேரம் இருக்கும். ஆக்டிங் டிரைவர் ஏறி வண்டியைப் பத்தடி முன்னால் நகர்த்தினார். எங்கள் தெருவில் தாருக்கு மேல் தார் போட்டு ரோடு ஏறிப்போய், ஓரத்தில் மண் நாலு விரல் தாழ்ந்திருக்கும். சக்கரம் தார் ஓரத்தில் நிற்கும்படி நிறுத்தினார். என் வீட்டுக்காரர் காலைக் கீழே வைத்தார். பாதம் தாழ்வான மண்ணில் ஊன்றியது. மூச்சைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டார். யாரும் தொடவில்லை. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாக்கரோடு உள்ளே போனார்.

அவர் போன பிறகு அளந்தேன். இடது சீட் இருபத்துநாலு. வலது பக்கம் போய் அளந்தேன். அதுவும் இருபத்துநாலு. ஸ்ரீரங்கத்தில் இதே கதவைத் திறந்து, இதே டேப்பால், இதே சீட்டில் இருபத்தாறு பார்த்தேன். காவேரிப் பாலத்தைத் தாண்டி வருவதற்குள் வண்டி இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது.

அடுத்த மூன்று நாளும் எனக்குத் தலையே சுற்றியது. வண்டியை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று ஆர்.சி. புக்கை எடுத்து நம்பர் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். எல்லாம் சரி. ஸ்ரீரங்கத்து சந்தில் தரை மேடு பள்ளமாக இருந்திருக்குமோ என்று நினைத்தேன். இருந்தாலும் சீட்டும் அதோடுதானே ஏறும்? டயரில் காற்று இறங்கியிருக்குமோ என்று காற்று அடிக்கச் சொன்னேன். ஆக்டிங் டிரைவர் போய் அடித்து வந்தார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நைட்டிக்கு வெட்டிய துணியைப் பாவாடைக்கு என்று தைத்து, பிரித்தேன். என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டு, "நீ அளந்ததுல தப்பு இருக்கு" என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் அளவைப் பற்றி அவர் அப்படிச் சொன்னதில்லை. கால் முன்னைவிட இறுகியிருந்தது. செருப்பை மாட்டிக்கொள்ளவே சிரமப்பட்டார்.

நாலாம் நாள் வண்டியில் ஸ்ரீரங்கம் போனேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். குற்றம் சொல்வதுபோலவும் இருக்கக் கூடாது, சொல்லாமலும் இருக்கக் கூடாது. மாமா வாசலுக்கு வந்து வண்டியைத் தடவிப் பார்த்தார்.

"மாமா, வண்டி நல்லாத்தான் இருக்கு. உயரந்தான் கொஞ்சம் கொறஞ்சிருச்சு."

"உயரமா? வண்டி என்ன சோப்பா, தேஞ்சுபோறதுக்கு?"

நான் டேப்பை எடுத்தேன். வலது சீட்டை அளந்து காட்டினேன். மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு டேப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை என்று தெரிந்தது. சாவியைக் கொடு, பார்க்கறேன் என்று ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததுமே, பழக்கத்தில், இடது கையால் பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பினார். வலது கையைச் சீட்டின் பக்கவாட்டில் விட்டு எதையோ பிடித்து மேலே மேலே இழுத்தார். டக், டக், டக் என்று சத்தம் வந்தது. மாமா ஒவ்வொரு டக்குக்கும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்ந்தார்.

நான் வாயைத் திறந்தபடி நின்றேன். அவர் இறங்கியதும் அளந்தேன். இருபத்தாறு.

"நான் குள்ளம்மா. இதை முழுக்க ஏத்திண்டாத்தான் எனக்கு ரோடு தெரியும். யாரு எறக்கினா?"

நான் திரும்பி ஆக்டிங் டிரைவரைப் பார்த்தேன். ஆறடி மனிதர் மரத்தடியில் நின்றார். மாமி என்னை உள்ளே கூப்பிட்ட அன்று அவர் வண்டியில் ஏறினாராம். தலை கூரையில் இடித்ததாம். இறக்கிக்கொண்டாராம்.

"ஏங்க, நான் நாலு நாளா அளந்துக்கிட்டு இருக்கேனே. சொல்லக் கூடாதா?"

"நீங்க கேக்கலியேக்கா. வேற எதுக்கோ அளக்குறீங்கன்னு நெனச்சேன்."

எதிர்வீட்டுக்காரரும் குள்ளம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவருடைய வண்டியில் நான் அளந்ததும் டிரைவர் சீட்டைத்தான். நான் மாமாவிடம், இந்தப் பக்கமும் ஏற்றிக் கொடுங்கள் என்று இடது சீட்டைக் காட்டினேன். அந்தப் பக்கம் அது கிடையாதும்மா, டிரைவருக்கு மட்டுந்தான் வெச்சிருக்கான் என்றார். அவர் குரல் இறங்கிவிட்டது. நான் எதற்காக இந்த வண்டியை வாங்கினேன் என்று அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். முதல் நாளே சொல்லியிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் அளந்தேன். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பாலத்தில் காவேரியைப் பார்த்துக்கொண்டே, வீட்டில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். இவர் உட்கார்ந்து எழக்கூடிய ஒரே சீட் டிரைவர் சீட், இவரால் இப்போது வண்டி ஓட்ட முடியாது. அதற்காக ஊரெல்லாம் அலைந்து, இனிமேல் யாரும் செய்யாத ஒரு வண்டியை வாங்கியிருக்கிறேன்.

சொன்னேன். கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மாமா டக் டக்கென்று உயர்ந்ததைச் சொல்லும்போது அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்து பார்த்தேன். சிரித்தார். விழுந்ததிலிருந்து அப்படிச் சிரிக்கவில்லை. இருமல் வருகிறவரை சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இடது சீட்டு தரையோட எப்படிச் சேர்ந்திருக்கு? போல்ட்டா?"

எனக்குத் தெரியாது என்றேன். போய்ப் பார்த்துவிட்டு வா, எத்தனை போல்ட், நடுவில் எத்தனை இடைவெளி, அளந்து எழுதிக்கொண்டு வா என்றார். நான் சீட்டுக்கு அடியில் தலையை விட்டு, டார்ச் அடித்து, நாலு போல்ட்டையும் அளந்து நோட்டில் எழுதினேன். அவர் பெயருக்குக் கீழே, 26க்குக் கீழேயே எழுதினேன். இந்தத் தடவை நாலையும் தனித்தனியாக அளந்தேன். அவர் அந்த நோட்டிலேயே பென்சிலால் ஒரு படம் போட்டார். இரும்பில் இரண்டு அங்குல உயரத்துக்கு நாலு கட்டைகள், நடுவில் ஓட்டை. சீட்டுக்கும் தரைக்கும் நடுவில் அதை வைத்து நீளமான போல்ட் போட்டு முறுக்கினால் சீட் ஏறிவிடும். ஒர்க்‌ஷாப்பில் இதைப் பேக்கிங் என்போம், மெஷினுக்கே வைப்போம், காருக்கு வைக்க முடியாதா என்றார்.

அவருடன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் அரியமங்கலத்தில் லேத் வைத்திருக்கிறார். படத்தைக் கொடுத்துவிடுங்கள், நான் போய்ச் செய்து வாங்கி வருகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்தார்.

"நானே போறேன். அவன் போல்ட்டைச் சாதாரணமாப் போட்டுருவான்."

மறுநாள் வண்டியைத் தார் ஓரத்தில் நிறுத்தினோம். மண்ணில் நின்று அவர் தானே ஏறினார். அரியமங்கலத்தில் லேத் கடைக்கு முன்னால் சாக்கடைப் பக்கம் ரோடு சரிந்திருந்த இடமாகத் தேடி ஆக்டிங் டிரைவர் நிறுத்தினார். அவருக்கு அது பழகிவிட்டது. அன்றைக்கு அந்தக் கடையில் என் வீட்டுக்காரர் உயரமான ஒரு டிரம்மின் மேல் பலகை போட்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். போல்ட்டின் தலையில் அதன் உறுதியைச் சொல்லும் நம்பரைப் பார்த்து இரண்டைத் திருப்பிக் கொடுத்தார். கடைக்கார நண்பர், ரிட்டையர் ஆகியும் இந்த ஆளு நம்மள விடலியே என்று என்னிடம் புகார் சொன்னார். நான் சிரித்தேன். சீட்டை மாட்டிக் கொடுத்த மெக்கானிக் முதலில் முணுமுணுத்தார். பிறகு சீட்டைப் பிடித்து உலுக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

நான் அளந்தேன். இருபத்தாறு.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனோம். போர்ட்டிகோவில் தரை வழவழவென்று சமமாக இருந்தது. எங்கேயும் பள்ளம் இல்லை. வார்டு ஆள் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து கையை நீட்டினார். என் வீட்டுக்காரர் அந்தக் கைக்கு ஒரு வணக்கம் மாதிரி தலையை ஆட்டிவிட்டு, காலை ஊன்றி, எழுந்து நின்றார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பிப் பார்க்கவில்லை. பிசியோதெரபி பெண் இத்தனை வாரம் வராமல் இருந்ததற்குத் திட்டினாள் என்று பிறகு சொன்னார். திட்டு வாங்கியதைச் சந்தோஷமாகச் சொன்னார்.

ஆக்டிங் டிரைவர் வண்டியை நிழலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார். நான் வண்டியோடு தனியாக நின்றேன். பக்கத்தில் ஒருவர் வந்து, இந்த மாடலை நிறுத்திட்டாங்களே, பார்ட்ஸ் கிடைக்குதா என்று கேட்டார். கிடைக்கும் என்றும் சொல்கிறார்கள், கிடைக்காது என்றும் சொல்கிறார்கள் என்றேன். நல்ல வண்டியா என்று கேட்டார். அது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அவர் போனதும், யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, இடது பக்கக் கதவைத் திறந்து அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். எனக்குக் கால் கீழே எட்டவில்லை. தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, இறங்கிப் பின் சீட்டுக்குப் போய்விட்டேன்.